பிள்ளையை விற்று வாங்கிய மழை

சென்ற மாதத்தில் ஒரு மாலைப்பொழுது, என் மாணவன் ஒருவனுடைய தந்தையார் வீட்டுக்கு வந்திருந்தார். மகன் உயர்தர வகுப்பிலே படிக்கின்றான். படிப்பில் குறை சொல்ல இடமில்லாத பிள்ளை. வந்தவர் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி மழையைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பின்பு மெல்ல விஷயத்துக்கு வந்தார்.

"மாஸ்டர், நீங்கள் இவனுக்கு ஒரு சொல்லுச் சொல்லவேணும். இராவிராவாக யப்பான்காரரின்ரை கார்ட்டூன் ஒன்று பார்க்கிறான். முழுக்க வாளும் இரத்தமும். நான் சொன்னால் கேட்கிறானில்லை. நீங்கள் சொன்னால் கேட்பான்."

சொல்லலாம் என்றுதான் நானும் எண்ணினேன். ஆயினும், தான் படியாத நூலைப் பிறர் படிக்கலாகாது என்று விலக்குவது ஆசிரியத் தொழிலுக்கு ஏற்றதன்று. ஆகவே மறுநாள் மாணவனை அழைத்து அதன் பெயரைக் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தொரோரோ, சேர்" என்றான். விலக்குவதற்குக் காரணம் தேடுபவனாகவே அன்றிரவு முதற் பகுதியைப் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டு கிழமைக்குள் 24 பகுதிகளையும் பார்த்து முடித்துவிட்டேன். இன்று, வளர்ந்த மாணாக்கருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் அதனைப் பரிந்துரை செய்யும் பொருட்டே இப்பத்தியை எழுதுகின்றேன். அத்தந்தையார் ஞாயிறுதோறும் இப்பக்கத்தைத் தவறாமற் படிப்பவர். அவருக்கு நான் தரவேண்டிய விடையும் இதுவே.

அனிமே என்று வழங்கும் யப்பானியச் சித்திரத் திரைக்கதைகளைச் சிறுபிள்ளைகளின் விளையாட்டென்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். அந்நாட்டில் நிலைமை அவ்வாறன்று. சிறுவர்க்கெனச் சில, குடும்பத்தார்க்கெனச் சில, முதிர்ந்தோர்க்கெனச் சில என அவை தனித்தனியே ஆக்கப்படுகின்றன. நாவல் எப்பொருளையும் தாங்குவது போல இக்கலையும் எப்பொருளையும் தாங்கும். இதனை இந்நிலைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் தெசூக்கா ஒசாமு என்பவர். 1928இல் பிறந்து 1989இல் மறைந்த இவர் ஒசாக்காப் பல்கலைக்கழகத்திலே மருத்துவம் கற்றவர். எனினும் மருத்துவத்தை விட்டுச் சித்திரக் கதையையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டார். 1963இல் இவருடைய நிறுவனம் தொலைக்காட்சிக்கென ஆக்கிய 'அஸ்ட்ரோ போய்' என்னும் தொடர் பின்வந்த தொடர்கள் பலவற்றுக்கு வழிகாட்டியாயிற்று. புத்தர்பிரானின் வாழ்க்கையை 1972 தொடக்கம் 1983 வரை பெருஞ் சித்திரக் கதையாக வரைந்தவரும் இவரே.

தெசூக்கா 'தொரோரோ'வை 1967இல் சிறுவர் வார இதழொன்றிலே தொடங்கினார். 1968இல் அது இடையில் நின்றது. 1969இல் வேறோர் இதழிலே முடிவு பெற்றது. அதே ஆண்டில் 26 பகுதிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சித் தொடராகவும் வெளிவந்தது. 50 ஆண்டுகள் கழிந்தபின், 2019 ஜனவரி தொடக்கம் யூன் வரை, மாப்பா நிறுவனமும் தெசூக்காவின் பெயர்கொண்ட நிறுவனமும் சேர்ந்து அதனை 24 பகுதிகளாகப் புதிதாக ஆக்கின. இயக்கியவர் ஃபுருஹாஷி கஸுஹிரோ. வாளை ஏந்திய கையின் மனச்சாட்சியைப் பொருளாகக் கொண்ட 'ருரோனி கென்ஷின்' என்னும் தொடரை 1996 தொடக்கம் இயக்கிப் பெயர் பெற்றவர் இவர். அந்த மாணவன் இராவிராவாகப் பார்த்தது இப்புதிய ஆக்கத்தையே. பெயரைப் பற்றியும் ஒரு சொல்: யப்பானிய மொழியிலே 'தொரோபோ' என்றாற் கள்வன். அதனைக் குழந்தையொன்று மழலையிலே சொன்ன விதமே 'தொரோரோ' ஆயிற்றென்பர்.

இனிக் கதைக்கு வருவோம்.

யப்பானிய வரலாற்றிலே, 1467இல் மூண்ட ஓனின் போர் தொடக்கமாக ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, நாடெங்கும் பிரபுக்கள் ஒருவரோடொருவர் பொருத காலமொன்று உண்டு. செங்கோக்கு காலம் என்பது அதன் பெயர். சக்கரவர்த்தி பெயரளவில் இருந்தார். ஆட்சியோ வாள் பிடித்தவர் கையில் இருந்தது. விளைந்த வயல்களினூடாகப் படைகள் நடந்தன. கதை அக்காலத்தைச் சார்ந்தது.

தைகோ ககெமிட்சு என்பவன் ஒரு நிலப்பகுதியை ஆளும் சாமுராய். அவனுடைய நாட்டிலே வறட்சியும் நோயும் பகைவர் தொல்லையும் ஓயவில்லை. தெய்வங்களை வேண்டிப் பயன் காணாத அவன், நரக மண்டபம் என வழங்கும் பழைய கோயிலொன்றினுட் சென்று, அங்கே நிற்கும் 12 பேய்ச் சிலைகளின் முன்னே பேரம் பேசுகின்றான். தன் நாட்டைச் செழிக்கச் செய்தால், தன்னுடையது எதனையும் அவை எடுத்துக்கொள்ளலாம் என்கின்றான். அவ்வேளையில் அவன் மனைவி பிரசவ வேதனையில் இருக்கின்றாள். பேய்கள் எடுத்துக்கொண்டவை அப்பிள்ளையின் உறுப்புகள். பிறந்த குழந்தைக்குக் கையில்லை, காலில்லை, கண்ணும் காதும் இல்லை, மேனியை மூடத் தோல்கூட இல்லை. உயிர் மட்டும் இருந்தது. பேரம் பலித்துவிட்டதெனத் தந்தை மகிழ்கின்றான். அதன்பின் நாட்டில் மழை பொய்க்கவில்லை, பயிர் விளைந்தது, பகைவர் அஞ்சினர்.

குழந்தையைத் தொலைத்துவிடும்படி கட்டளை பிறக்கின்றது. கொல்ல மனம் வராத மருத்துவிச்சி அதனைச் சிறு படகொன்றிலே கிடத்தி ஆற்றில் விடுகின்றாள். இவ்விடத்திலே நம் வாசகர்க்குக் கர்ணன் நினைவுக்கு வருவான். கர்ணன் கவசத்தோடும் குண்டலத்தோடும் ஆற்றிலே மிதந்தான். இப்பிள்ளைக்குக் கவசம் அணியத் தோலில்லை. குண்டலம் தொங்கக் காதில்லை.

ஆற்றிலிருந்து அவனை எடுத்தவர் ஜூக்காய் என்னும் மருத்துவர். போரில் உறுப்பிழந்தோர்க்குச் செயற்கைக் கை கால் செய்து பொருத்துவது அவர் தொழில். முன்னொரு காலத்திலே தன் பிரபுவின் கட்டளைப்படி மனிதரைச் சிலுவையில் ஏற்றிக் கொன்றவர் அவர். அப்பழியைக் கழுவவே இத்தொழிலை மேற்கொண்டார். போர்க்களத்திற் கிடக்கும் பிணங்களுக்குக்கூட உறுப்புப் பொருத்துமளவுக்கு அப்பழி அவரை வருத்துகின்றது. அவர் பிள்ளைக்கு மரத்தாலே கையும் காலும் முகமும் செய்து பொருத்துகின்றார். கைகளுக்குள்ளே வாள் மறைந்திருக்கின்றது. ஹியாக்கிமாரு என்று பெயரிடுகின்றார். 'ஹியாக்கி' என்பதற்கு நூறு பேய்கள் என்பது பொருள்.

பதினாறு ஆண்டுகள் கழிகின்றன. ஹியாக்கிமாரு பேய்களைத் தேடித் தனியே நடக்கின்றான். ஒரு பேயைக் கொன்றால் அவனிடமிருந்து பறிக்கப்பட்ட உறுப்பொன்று மீள்கின்றது. முதலிலே தோல், பின்பு நோவை அறியும் உணர்ச்சி, பின்பு செவி, பின்பு குரல். வழியிலே அவனோடு சேர்ந்துகொள்ளும் அநாதைப் பிள்ளையே தொரோரோ: திருடிப் பிழைக்கும், வாய் ஓயாத, நெஞ்சில் ஈரமுள்ள பிள்ளை.

கதைச் சுருக்கம் இவ்வளவு போதும். முடிவை நான் சொல்லப்போவதில்லை. அத்தந்தையார் கேட்ட கேள்வி இரத்தத்தைப் பற்றியது. அதற்கு விடை கூறவேண்டும்.

இரத்தம் உண்டு. மறைத்துப் பேசுவதிற் பயனில்லை. தலைகள் உருள்கின்றன, கைகள் அறுகின்றன, குழந்தைகளும் கொல்லப்படுகின்றனர். ஆயினும் வாட்சண்டைக் கதைகளில் இருவகை உண்டு. ஒருவகையில், வீரன் வாளை ஒருமுறை வீசினால் பத்துப்பேர் சரிவர். அப்பத்துப்பேரில் எவனுக்கும் தாயில்லை, தங்கையில்லை, அவன் மாலையில் வீட்டுக்கு வருவானென்று உலையேற்றி வைத்தவர் எவருமில்லை. பார்ப்பவன் கைதட்டுகின்றான். பிள்ளைகளைக் கெடுப்பது இவ்வகையே என்பது என் கருத்து. அதிலே இரத்தம் குறைவாயிருக்கலாம். ஒரு துளியும் காட்டப்படாமலும் இருக்கலாம். கொலைக்கு விலையில்லை என்று அது கற்பிக்கின்றது. மற்றவகை, கொலையின் விலையைக் கணக்கிட்டுக் காட்டுவது. 'தொரோரோ' இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது.

நான்காம் பகுதியை எடுத்துக்கொள்வோம். தனோசுகே என்னும் வீரனுக்கு அவனுடைய தலைவன் ஒரு கட்டளை இடுகின்றான். தன் கோட்டையைக் கட்டிய தச்சர்கள் அதன் இரகசியத்தை வெளியே சொல்லாதிருக்க, அவர்களின் தலையை வெட்டவேண்டும். தனோசுகே நடுங்குகின்றான், ஆயினும் கீழ்ப்படிகின்றான். கையிலிருந்த வாளோ பேய் குடிகொண்ட வாள். கட்டளைக்கு வெட்டத் தொடங்கியவன் பின்பு வெட்டாமல் இருக்கமுடியாதவனாகின்றான். ஊரிலே அவன் தங்கை ஒருத்தி அண்ணன் வருவானென்று காத்திருக்கின்றாள். ஹியாக்கிமாரு அவனைக் கொல்கின்றான். கொன்றதும் பறிபோன செவி மீள்கின்றது. பதினாறு ஆண்டுகள் ஓர் ஓசையும் அறியாதிருந்தவன் முதன்முதற் கேட்பவற்றுள் ஒன்று, அண்ணனின் உடலருகே கதறும் அத்தங்கையின் அழுகை.

இக்காட்சியைக் கண்டபின் நான் கருவியை நிறுத்திவிட்டுச் சிறிதுநேரம் வெறுமனே இருந்தேன். வீரத்தைப் பற்றி எத்தனையோ வகுப்புகளிற் பேசியிருக்கின்றேன். வெட்டியவனுக்குக் காது கொடுத்து, வெட்டினால் எழும் ஓசை இதுவென்று கேட்கச் செய்த கதையை இதற்குமுன் நான் கண்டதில்லை.

அடுத்த இரண்டு பகுதிகள் மியோ என்னும் பெண்ணைப் பற்றியவை. புதிதாகக் கேட்கத் தொடங்கிய ஹியாக்கிமாருவுக்கு உலகத்தின் ஒலியெல்லாம் வேதனையாகின்றது. காதைப் பொத்திக்கொண்டு சுருண்டு கிடக்கின்றான். மியோ பாடும் பாட்டொன்றே அவனுக்கு ஆறுதல். போரில் வீடும் உறவும், சிலர் கையும் காலும் இழந்த சிறுவர்களை அவள் காத்து வருகின்றாள். இரவில் படைமுகாமுக்குச் சென்று, தன்னையே விலையாகக் கொடுத்து அவர்களுக்குச் சோறு தேடுகின்றாள். என்றாவது ஒருநாள் தமக்கென ஒரு வயல் வேண்டுமென்பது அவளுடைய ஆசை. அதற்காகச் சிறு பையிலே விதைநெல் சேர்த்து வைத்திருக்கின்றாள். இரண்டு பகைமுகாம்களுக்கும் சென்று வந்தாளென்ற ஐயத்தினாலே படைவீரர் வந்து அவளையும் பிள்ளைகளையும் கொன்றுவிடுகின்றனர். ஹியாக்கிமாரு வாழ்க்கையில் முதன்முதலாக உச்சரிக்கும் சொல் அவளுடைய பெயர்.

அதன்பின் அவன் அவ்வீரர்களை வெட்டுகின்றான். அவர்கள் வெட்டப்படவேண்டியவர்களே என்று நம் நெஞ்சும் சொல்கின்றது. அந்த இடத்திலேதான் கதை நம்மைத் தடுக்கின்றது. கண்ணில்லாத ஹியாக்கிமாருவுக்கு உயிர்கள் சுடர்களாகத் தெரிகின்றன: தீங்கில்லாதவை வெண்மை, பேய்கள் சிவப்பு. பழிவாங்கும் வெறியிலே அவனுடைய சொந்தச் சுடரிலேயே சிவப்பு ஏறுகின்றது. கூட வரும் பிவாமாரு என்னும் குருட்டுத் துறவி, பிவா என்ற நரம்புக் கருவி மீட்டித் திரிபவர், அதனைக் கண்டு அஞ்சுகின்றார். பேயைக் கொல்லப் புறப்பட்டவன் தானே பேயாகலாம் என்பது அவருடைய அச்சம். அவனைப் பிடித்து நிறுத்துவது தொரோரோவின் சிறு கைகள். அக்கைகளே மியோவின் விதைநெற் பையை எடுத்து அவனிடம் கொடுக்கின்றன.

தொரோரோவின் தாயைப் பற்றியும் சொல்லவேண்டும். கணவன் சாமுராய்களை எதிர்த்துக் கொள்ளையிட்டு மாண்டவன். கைக்குழந்தைப் பருவம் கடந்த பிள்ளையோடு அவள் ஊரூராக அலைகின்றாள். ஓரிடத்திலே பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கின்றனர். அவளிடம் கோப்பை இல்லை. வெறுங் கைகளை நீட்டிக் கொதிக்கும் கஞ்சியை ஏந்திப் பிள்ளைக்கு ஊட்டுகின்றாள். வாளில்லை, பேயில்லை, ஒரு துளி இரத்தமில்லை. இத்தொடரிலே மிகக் கொடிய காட்சி எது என்று கேட்டால் இதனையே சொல்வேன்.

இனி, இக்கதையின் நடுநாடி எங்கேயுள்ளது என்பதைக் காண்போம். தெசூக்கா வரைந்த மூலத்திலே பேய்கள் 48. அங்கே தந்தை வேண்டியது ஆட்சியும் அதிகாரமும். 2019இல் ஆக்கியவர்கள் பேய்களைப் பன்னிரண்டாகக் குறைத்ததோடு, தந்தை வேண்டிய வரத்தை நாட்டின் செழிப்பாக மாற்றினர். சிறு மாற்றமாகத் தோன்றும் இதுவே கதையின் தரத்தை உயர்த்திவிட்டது. பேராசைக்காகப் பிள்ளையை விற்றவனை எவரும் எளிதில் வெறுத்துவிடலாம். பசித்த குடிகளுக்காக விற்றவனை என்ன செய்வது?

பேரம் மெய்யான பேரம். ஹியாக்கிமாரு உறுப்பொன்றை மீட்குந்தோறும் தந்தையின் நாட்டிலே ஒரு கேடு தலைகாட்டுகின்றது. மழை குறைகின்றது, நோய் பரவுகின்றது, பகைவர் எல்லையிலே துணிவு கொள்கின்றனர். அவன் கேட்பதோ தன்னுடைய கை, தன்னுடைய கால். பிறர் பொருளில் ஓர் எள்ளளவும் அவன் கேட்கவில்லை. ஆயினும் அவன் முழு மனிதனானால் ஆயிரம் குடிகள் பட்டினி கிடப்பர். இதனை அறிந்த தாய், ஆண்டாண்டாக அவனுக்காக அழுதவள், அவனை நேரிற் கண்டபோது வா மகனே என்று அழைக்கமுடியாமல் மன்னிப்புக் கேட்கின்றாள். அவனுடைய தம்பி தஹோமாரு கொடியவனல்லன். குடிகளை நேசிக்கும் நல்ல இளைஞன். தந்தை செய்தது பிழையென்று உணர்ந்தும், நாட்டைக் காக்க அண்ணனை எதிர்த்து வாளெடுக்கின்றான். இருவர் பக்கத்திலும் நியாயம் இருக்கும்போது எழும் போரைப் பார்ப்பது கடினம். ஆயினும் நம் பிள்ளைகள் பார்த்துப் பழகவேண்டியது அதுவே. வாழ்க்கை பெரும்பாலும் அவ்வாறே வருகின்றது.

மகாபாரதத்திலே, துரியோதனன் பிறந்தபோது, குலம் வாழவேண்டுமாயின் இவ்வொருவனைக் கைவிடுக என்ற கருத்தை விதுரன் திருதராட்டிரனுக்கு எடுத்துரைக்கின்றான். பலர்க்காக ஒருவனை விடலாம் என்னும் நீதி நமக்கும் புதியதன்று. அந்நீதியைத் தைகோ ககெமிட்சுவும் தன் பக்கத்துக்குத் துணையாக அழைக்கலாம். ஆயினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. விதுரன் பேசியது நாட்டுக்குக் கேடு சூழப்போகும் பிள்ளையைப் பற்றி. இங்கே விற்கப்பட்டது ஒரு குற்றமும் அறியாத கரு. தந்தை பேய்களிடம் தன்னுடையது எதனையும் தருவதாகச் சொன்னான்; கொடுத்ததோ மகனுடைய உடம்பை. அவனுடைய விரலொன்றுகூடக் குறையவில்லை. பதினாறு ஆண்டுகள் இரண்டு கைகளாலும் உண்டான். இரண்டு கண்களாலும் தன் வயல்களைப் பார்த்து மகிழ்ந்தான்.

தன்னிடம் உள்ளதைக் கொடுப்பது தியாகம். பிறனுடையதைக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகமென்று பெயரிடுவது கொள்ளை. இத்தொடர் இரத்தத்தால் எழுதியிருக்கும் பாடம் இதுவென்றே நான் கொள்கின்றேன். ஊர் நலம், குடும்ப மானம், எதிர்காலம் என்று பெரிய சொற்களைச் சொல்லி யாரோ ஒருவருடைய வாழ்க்கையைப் பணயம் வைப்பவர் கதையில் மட்டும் இருப்பவரல்லர். அத்தகைய சொற்களைக் கேட்கும்போதெல்லாம், கொடுக்கப்படுவது யாருடைய கை, யாருடைய கண் என்று கேட்கும் பழக்கம் ஓர் இளைஞனுக்கு வருமாயின், அவன் இரவில் விழித்திருந்தது வீணன்று. செயற்கைக் காலின் ஓசையை அறியாத ஊர்கள் நம் நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் மிகச் சிலவே. ஆகவே ஜூக்காய் மரத்துண்டைச் செதுக்கும் காட்சிகளை நம் வீடுகளிலே எவரும் வெறும் கற்பனையாகப் பார்க்கமாட்டார்.

வரலாறு படிக்கும் மாணாக்கருக்கு இன்னொரு செய்தி. தெசூக்காவின் மூலக்கதை, தைகோ ககெமிட்சுவைக் காகா நாட்டுத் தொகாஷி பிரபுவுக்குக் கீழ்ப்பட்டவனாக வைக்கின்றது. அந்தக் காகா நாட்டிலே 1488இல் உழவரும் பௌத்தத் துறவியரும் சிறு வீரரும் ஒன்றுதிரண்டு தொகாஷி மசாச்சிகா என்னும் பிரபுவை வீழ்த்தினர். அதன்பின் 1580 வரை, ஏறக்குறைய 90 ஆண்டுகள், அந்நிலம் அவர்கள் கையில் இருந்தது. சாமுராய் இல்லாமலும் மனிதர் வாழலாம் என்னும் எண்ணம் இக்கதையிலே தொரோரோவைச் சுற்றி வளர்கின்றது. அவ்வெண்ணம் வெறுங் கனவன்று என்பதற்கு அவ்வரலாறு சான்று.

குறைகளையும் கூறவேண்டும். பிற்பாதியிலே சில பகுதிகள், ஊருக்கு ஒரு பேய், பேய்க்கு ஒரு வெட்டு என்ற முறையிற் செல்கின்றன. ஓரிரு பகுதிகளிலே சித்திரத்தின் தரமும் தளர்கின்றது. முதல் 12 பகுதிகளிலுள்ள இறுக்கம் பின்பு எல்லா இடத்திலும் இல்லை. மிக விரைவாக முடிந்துவிடும் மனமாற்றங்களும் உண்டு. எனினும் இறுதிப் பகுதிகள் அக்குறைகளை மறக்கச் செய்கின்றன.

எவர் பார்க்கலாம் என்பது அடுத்த கேள்வி. கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு இது உரியதன்று. அவர்கள் கண்ணிற் படாதபடி பெற்றோர் கவனமாயிருக்கவேண்டும். மியோவின் கதையை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி வரும்வரை பொறுத்திருப்பது நல்லது. உயர்தர வகுப்பினர்க்கும் அதற்கு மேற்பட்டோர்க்கும் நான் தயங்காமற் சொல்வேன். ஒரே இரவில் ஐந்தாறு பகுதிகளை விழுங்குவது தகாது. ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்கும் குறைவே. இரண்டு பகுதிகளுக்கிடையே நெஞ்சில் அது ஊறவேண்டும். யப்பானியப் பேச்சோடு, அடியில் வரும் மொழிபெயர்ப்பை வாசித்தபடி பார்ப்பது சிறந்தது. கதாநாயகன் முதல் நான்கு பகுதிகளில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அந்த மௌனத்தையும், அதன்பின் சொற்கள் ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறி வருவதையும் நடித்தவரின் சொந்தக் குரலிலேயே கேட்கவேண்டும்.

மாணவனின் தந்தையாருக்கு ஒரு வார்த்தை. ஐயா, நீங்கள் கேட்டபடி உங்கள் மகனிடம் ஒரு சொல் சொன்னேன்: இரவு பதினொரு மணிக்குமேற் பார்க்காதே என்றேன். பாராதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களிடம் நான் கேட்பது இது. இவ்வார இறுதியில் அவன் பக்கத்திலே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு நான்காம் பகுதியை அவனோடு சேர்ந்து பாருங்கள். முடியும்போது உடனே ஒன்றும் பேசவேண்டாம். சற்றுப் பொறுத்து, அந்தத் தகப்பன் செய்தது சரியா என்று மகனைக் கேளுங்கள். அவன் சொல்லும் விடையை இடைமறிக்காமற் கேளுங்கள். பின்பு அவன் உங்களிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பான். அதற்கு நீங்கள் என்ன விடை சொன்னீர்கள் என்பதை, அடுத்தமுறை தேநீருக்கு வரும்போது எனக்குச் சொல்லுங்கள்.